நூல்நிலையங்களின் ஆக்கமும் அழிவும்

கொற்கை இந்நாளிற் கடற்கரையினின்றும் உள்வாங்கிக் கிடக்கும் ஒரு சிற்றூர். தூத்துக்குடிக்குத் தெற்கே பொருநையாறு பாயும் நிலத்தில் அஃது உள்ளது. முன்னாளிலோ அது பாண்டியரது முத்துக்குளிக்கும் பெருந்துறையாய் விளங்கிற்று. அத்துறையைக் கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டு யவன வணிகர் ஒருவர் தமது கடற்செலவு நூலிற் குறித்தார். அடுத்த நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்து நிலநூலாசிரியராகிய தாலமியும் அதன் பெயரைத் தம் நூலுட் பொறித்தார். இக்குறிப்புக்கள் இற்றைநாள்காறும் அழியாது வந்தவாறு யாங்ஙனமென ஆராய்வார்க்கு, நூல்நிலையங்களின் வாழ்வும் வீழ்வும் பற்றிய உண்மையொன்று புலனாம்.

அலெக்சாந்திரியா நூல்நிலையம், தாலமியர் என்னும் அரச மரபினரால் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வளர்க்கப்பெற்றது. அத்துறைக்கு வரும் மரக்கலங்களிலுள்ள நூல்களைக் கைக்கொண்டு, படியெடுத்து, மூலத்தைத் தாம் வைத்துக்கொண்டு, படியினை உடையார்க்கு அளித்தனரெனக் கேலன் என்னும் மருத்துவ நூலார் கூறுவர். அந்நிலையத்து நூல்களைத் தழுவிக் காலிமாக்கசு என்னும் புலவர் 120 சுருள்கள் கொண்ட அட்டவணை வகுத்தார். இத்துணைப் பெருஞ்செல்வம் ஒரேநாளில் எரியுண்டு ஒழிந்ததென்பர் பலர். அது பொருந்தாது. கி.மு. 48-இல் சீசரது போரில் எழுந்த தீயினாற் சேதமுற்றதும் உண்டு, கி.பி. 391-இல் அதன் கிளை நிலையம் இருந்த செராபிசு கோயில் இடிக்கப்பட்டதும் உண்டு. ஆயினும், இவற்றிற்கு இடைப்பட்ட நானூறாண்டுகளில் அரசர் பேணுதல் குறைந்தமையே பெருங்கேடாயிற்று. பாபிரசுச் சுருள் நாட்பட நைந்து உதிரும் இயல்பினது. புதிதாகப் படியெடுப்பார் இல்வழி அதனை அழித்தற்குத் தீயும் வேண்டா. மேற்கூறிய வணிகர் நூலோ பத்தாம் நூற்றாண்டில் எவரோ எழுதிவைத்த ஒரு படியினால் உயிர் தப்பியது. செருமனி நாட்டு ஐடல்பர்க்கில் உள்ள அப்படி இல்லையேல், கொற்கை முத்தைப் பற்றிய அவ்யவனர் சொல்லும் இன்றாகும்.

அற்றேல், நூற்குத் தீ பகையன்றோவெனின், அது நூல் எழுதப்பட்ட பொருளைப் பொறுத்ததாம். அசூர்பானிபால் என்னும் அசிரிய அரசன் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் நினிவே நகரிற் களிமண் பலகைகளாலாகிய நூல்நிலையம் அமைத்தான். கி.மு. 612-இற் பகைவர் அந்நகரை எரித்தகாலை, தீ அப்பலகைகளுட் பலவற்றைச் சுட்ட செங்கல்போல் இறுகச்செய்தது. முப்பதினாயிரத்தின் மேற்பட்ட பலகைகளும் துண்டங்களும் இன்று இலண்டன் அரும்பொருட்சாலையில் உள்ளன. அழிக்க இட்ட தீயே காத்தது.

தமிழ்நாட்டு நூல்களுக்கோ இடம் பனையோலை. மையும் மஞ்சளும் எண்ணெயும் பூசி எத்துணைப் பேணினும் செல்லும் பூச்சியும் ஈரமும் அதனைச் சில நூற்றாண்டில் முடித்துவிடும். ஆதலின், தலைமுறைதோறும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுதலே ஓலைநூலின் உயிர். திருமடங்களும் கவிராயர் இல்லங்களும் ஏடுகளை அடுக்கிவைத்த அறைகளாக மட்டும் அமையாது, எழுதுவாரும் கற்பாரும் நிறைந்த இடங்களாயிருந்த காலமெல்லாம் நூல்கள் வாழ்ந்தன. தில்லையிற் பூட்டிவைக்கப்பட்ட தேவார ஏடுகளைத் திறந்தபோது செல்லரித்தன போக எஞ்சியனவே கிடைத்தனவெனத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடுகளில் விடுபட்டுப்போன திருவிடைவாய்த் திருஞானசம்பந்தர் பதிகம், அத்தலத்துக் கல்வெட்டினின்றும் இருபதாம் நூற்றாண்டிலே பெறப்பட்டது. ஓலையில் ஒழிந்ததனைக் கல்லில் வெட்டிய படி காத்தது.

பாண்டிநாட்டிலும் இவ்விரு நிலையும் காணப்படும். உ. வே. சாமிநாதையர் ஏடுதேடி ஆழ்வார்திருநகரிக்குச் சென்றபோது, இலக்குமண கவிராயர் வாயிலாகப் பத்துப்பாட்டுச் சுவடி கிடைத்தது. 1889-இற் பத்துப்பாட்டு அச்சேறிற்று. பாண்டிய மன்னரொருவர் தொகுத்த ஏடுகள் உளவெனக் கேட்டு அவர் கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலுக்குச் சென்றபோதோ, பழுதுபட்ட ஏடுகளைக் கண்டவிடத்து எறிதலாகாதென்று நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்டுவிட்டனரென்னும் விடையே கிடைத்தது. அங்ஙனம் இட்டவர் நூலை இகழ்ந்தவரல்லர். ஏட்டினைத் தெய்வமாக மதித்தவரே. படியெடுத்தலாகிய கடமையினின்றும் பிரிந்த அம்மதிப்பு, ஏட்டிற்கு இறுதியாயிற்று.

தூத்துக்குடிக்கு அப்பாற் கடல்கடந்த ஈழத்தில் நிகழ்ந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1981-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்திற்குத் தீவைக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் வெந்தன. பின்னர்க் கட்டடம் மீண்டும் எழுந்தது. பிறவிடத்திற் படி உள்ள அச்சுநூல்களை மீண்டும் வாங்கி வைத்தலும் கூடும். வேறு படியில்லாத ஏடுகளோ போயினவே. அவற்றை எப்பொருள் கொடுத்தும் மீட்டலரிது. தீவைத்தார் செய்த கொடுமை ஒருபாலாக, ஒரே படியாக ஒரு நூலை ஓரிடத்து வைத்தலின் இடரையும் அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இந்நாளில் ஏட்டினை ஒளிப்படமாகப் படியெடுத்துப் பலவிடத்தும் வைக்கும் வாய்ப்பு உளது. புதுச்சேரியிற் பேணப்பெறும் ஏறக்குறைய 11,000 சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆயினும், ஊர்தோறும் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் ஏடுகள் இன்னும் பல. அவற்றை உடையார் பூசையறையில் வைத்து வணங்குதல் நன்றே. படியெடுக்கக் கொடுத்தல் அதனினும் நன்று. எடுத்த படியைப் படிப்பாரும் வேண்டும். படிப்பாரற்ற படி, பூட்டிய அறையிற் கிடந்த ஏட்டினின்றும் வேறன்று.