காரில் முழங்கும் தாழ்ந்த ஒலி

ஆரணித் தெருவில் ஒரு கார் செல்கிறது. பாட்டின் சொற்கள் கேளாவிடினும், முழக்கம் மட்டும் தறிவீட்டினுள்ளும் எட்டுகிறது. தாழ்ந்த ஒலியைச் சுவர்கள் எளிதில் தடுப்பதில்லை.

அம்முழக்கத்தைத் தரும் சப்வூஃபரை எங்கே வைப்பது? வினாடிக்கு 40 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.5 மீட்டர், காரின் நீளத்தினும் மிகுதி. அது வரும் திசையைச் செவி எளிதில் உணராது. ஆகவே, பின்புற டிக்கியே போதும்.

ஆம்பிளிஃபையர் சூடேறுவது, காற்றோட்டமுள்ள இடத்தில் அதனை இறுகப் பொருத்துக. பாட்டரியிலிருந்து செல்லும் கம்பியில், பாட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் வேண்டும். கம்பியின் உறை தேய்ந்து காரின் உலோகத்தைத் தொட்டால், தீப்பற்றுமுன் ஃப்யூஸ் உருகி மின்னோட்டத்தை நிறுத்தும்.

நெசவில் இழை அறாதிருத்தல் நன்று. இங்கோ, உரிய வேளையில் இழை அறுதலே காப்பு.