சிறுநீரகத்தின் வடிகால்

பரமத்தி வேலூர்ப் பகுதியில், காவிரியினின்று பிரியும் இராச வாய்க்கால் வாழைக்கும் வெற்றிலைக்கும் நீரூட்டுகின்றது. ஆயினும், வடிகால் அடைபட்டால் நீர் தேங்கிக் கொடியின் வேர் அழுகும்.

மனித உடலிலும் இத்தகைய அமைப்பு உண்டு. சிறுநீரகத்திற்குத் தமனி குருதியைக் கொணர்கின்றது. சிரை அதனை மீட்டுச் செல்கின்றது. இதயம் செலுத்தும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வழியே பாய்கின்றது. வலச்சிரை குறுகியது. இடச்சிரையோ நீண்டது, அது பெருந்தமனிக்கும், அதினின்று கிளைத்துக் குடலுக்குச் செல்லும் தமனிக்கும் இடையே நுழைந்து செல்வது.

சிலருக்கு இடச்சிரை பெருந்தமனியின் பின்னே செல்லும். சிலருக்கு இரண்டாகப் பிரிந்து அதனைச் சூழும். இவர்களுள் பலர் யாதொரு துன்பமும் அறியார். எனினும், சிறுநீரகக் கொடைக்கான அறுவைக்கு முன்னரே மருத்துவர் இதனை அறிதல் வேண்டும். அறியாது கத்தி பட்டால் குருதி பெருகும்.

வேறு சிலருக்கு இரு தமனிகளும் பாக்குவெட்டிபோல் சிரையை நெருக்கும். மேலைநாட்டார் 1972-இல் இந்நோய்க்குக் கொட்டையுடைக்கும் கருவியின் பெயரையே சூட்டினர். மெலிந்த இளைஞரிடத்தும் இது காணப்படும். குருதி தேங்குதலால் விலாப்புறம் நோகும், சிறுநீர் சிவக்கும்.

மருத்துவர் முதலில் சிறுநீரைச் சோதித்து, கல்லோ கிருமியோ காரணமன்று எனத் தெளிவர். பின்னர் டாப்ளர் கருவி ஒலியலைகளால் குருதியோட்டத்தின் விரைவை அளக்கும், சி.டி. படம் சிரையின் பாதையைக் காட்டும். இளையோர் பலர் உடல் வளர வளர அறுவையின்றியே நலமடைவர்.

சேலத்தில் 1986-இலும், நாமக்கல்லில் 2022-இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தோன்றின. மருத்துவம் அருகில் இருந்தும், சிறுநீர் சிவந்ததை நாணத்தால் மறைப்பவர்க்குப் பயன் யாது? பெற்றோரிடம் உடனே உரைத்தலே அறிவுடைமை.