காற்றாடி சுற்றுகிறது, பேட்டரி ஏறவில்லையா?

ஆரம்பாக்கம் பகுதி முப்பந்தல் கணவாய் போன்றதல்ல. வீட்டில் செய்த காற்றாடிக்கு இங்கே கோடையில் பிற்பகல் கடல்காற்றுதான் கைகொடுக்கும். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். 2 மீட்டர் விட்டமுள்ள காற்றாடி, விநாடிக்கு 4 மீட்டர் வேகக் காற்றில் சுமார் 30 வாட்தான் தரும். பம்ப்செட் ஓடாது, எல்.இ.டி. விளக்குக்கும் செல்போனுக்கும் போதும்.

செலவு செய்யும் முன் கோளாறு எங்கே என்று பாருங்கள். மெல்லிய காற்றில் இறக்கை அசையவே இல்லையா? பேரிங் இறுக்கத்தைச் சரிசெய்து, இறக்கையின் சாய்வைச் சற்றே கூட்டுங்கள். சுற்றியும் 12 வோல்ட் பேட்டரி ஏறவில்லையா? வயரிங் சரியாக இருந்தால், ஜெனரேட்டரின் மின்னழுத்தம் பேட்டரியின் அளவைத் தாண்டவில்லை என்று பொருள். மூன்று பேஸ் ஜெனரேட்டரில் டெல்டா இணைப்பு இருந்தால், எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஸ்டார் இணைப்பாக மாற்றுங்கள். அதே சுழற்சியில் மின்னழுத்தம் 1.73 மடங்காகும். பலத்த காற்றில் பேட்டரி கெடாமலிருக்க சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம்.

காற்றைத் தடுக்கும் தென்னை, சவுக்குக்கு மேலே காற்றாடி நிற்க வேண்டும். கம்பத்தின் அடியில் கீல் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை வந்ததும், காற்று வலுக்கும் முன்பே காற்றாடியை நிறுத்திக் கம்பத்தைச் சாய்த்துவிடலாம்.