‘சிகிச்சை வேண்டாம்’ என்று புற்றுநோயாளி சொன்னால்… குடும்பம் என்ன செய்யலாம்?

ஜொகூர் பாரு - “கத்தி பட்டால் பரவிவிடும்.” “கீமோ எடுத்து எத்தனை பேர் பிழைத்தார்கள்?” “இருக்கிற காசு பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.” புற்றுநோய் என்று தெரிந்ததும் நம்மவர் வீடுகளில் கேட்கும் பேச்சு இது. வீட்டார் கெஞ்சுவார்கள், கோபப்படுவார்கள். நோயாளி அசையமாட்டார். நாள்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

முடிவு யாருடையது?

மலேசியாவில் 18 வயது நிறைந்து, தெளிந்த மனநிலையில் இருக்கும் ஒருவருக்குத் தம் சிகிச்சையை ஏற்கவும் மறுக்கவும் உரிமை உண்டு. அந்த மறுப்பு உயிருக்கே ஆபத்தானாலும் முடிவு அவருடையதுதான். அவருக்குப் பதிலாகக் கணவரோ மகனோ கையெழுத்துப் போட்டு அவரை அறுவைக் கூடத்துக்கு அனுப்ப முடியாது.

இந்த உரிமைக்கு மறுபக்கமும் உண்டு. கழுத்து அறுவைக்குப் பின் உடல் செயலிழந்த பூ பியோ நா என்பவரின் வழக்கில், 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. சிகிச்சையின் முக்கிய அபாயங்களை நோயாளிக்கு எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை என்பதை அது உறுதிப்படுத்தியது. அதாவது, விவரம் தெரிந்தபின் எடுப்பதுதான் முடிவு. “அம்மா பயந்துவிடுவார்” என்று நோயின் பெயரையே மறைத்துவிட்டு, “அம்மா மறுக்கிறார்” என்று சொல்வதில் பொருளில்லை.

மருத்துவர் பேச்சை மீறி வீடு திரும்புவோரிடம் ‘ஏ.ஓ.ஆர்.’ பாரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்பதே அதன் பொருள். அதில் கையெழுத்திட்டால் திரும்பி வரவே முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. மனம் மாறினால் மறுபடியும் மருத்துவரைப் பார்க்கலாம்.

எதை மறுக்கிறார்?

நம்மில் பலரும் அறிந்த ரமண மகரிஷிக்கு இடது கையில் புற்றுக்கட்டி வந்தது. 1949-இல் நான்கு முறை அறுவை செய்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது அதை மட்டும் அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14-இல் மறைந்தார். ஒன்றை மறுத்தவர் எல்லாவற்றையும் மறுக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

நம் வீட்டிலும் அப்படித்தான் இருக்கலாம். முடி கொட்டும் என்று கீமோவுக்கு அஞ்சுபவர் அறுவைக்குச் சம்மதிக்கக்கூடும். அதனால் “ஏன் மறுக்கிறீர்கள்?” என்று சண்டை போடுவதற்கு முன், “எதற்குப் பயப்படுகிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

தாமதத்தின் விலை

2007 முதல் 2011 வரை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட மலேசியப் பெண்களைப் பற்றிய ஆய்வு, 2018-இல் சுகாதார அமைச்சின் அறிக்கையாக வந்தது. அதன்படி ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் முதல் கட்டத்தில் 87.5 விழுக்காடு. நான்காம் கட்டத்தில் 23.3 விழுக்காடு மட்டுமே. காத்திருக்கும் மாதங்களில் நோய் காத்திருப்பதில்லை.

நாட்டு மருந்தை மட்டும் நம்பலாமா? நோய் பரவாத நிலையிலேயே மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 அமெரிக்க நோயாளிகளை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு அதிகம் என்று 2018-இல் வெளியிட்டார்கள்.

பாரம்பரிய வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை. ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவும் இருக்கிறது, பாரம்பரிய மருத்துவப் பிரிவும் இருக்கிறது. ஆனால் கீமோ நடக்கும்போது மருத்துவருக்குத் தெரியாமல் மூலிகை சாப்பிடுவது ஆபத்தாகலாம்.

காசும் தூரமும்

சில மறுப்புகளுக்குக் காரணம் பயமல்ல, பணம். சிகாமட், குளுவாங் பக்கத் தோட்டங்களிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். கதிரியக்கச் சிகிச்சைக்கோ வாரத்தில் ஐந்து நாள் எனப் பல வாரங்கள் போகவேண்டியிருக்கும்.

2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்கத்தின் ரொக்க உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு, அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிக்க 1,000 ரிங்கிட் வரை ஊக்கத்தொகை உண்டு. தீபகற்பத்தில் உள்ளவர்களுக்குப் பயணச் செலவாக 500 ரிங்கிட் வரை கிடைக்கும். இ.பி.எப். பணத்தையும் சிகிச்சைக்காக எடுக்கலாம். வேலை செய்ய முடியாத நிலை வந்தால் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அதன்பிறகும் வேண்டாமென்றால்?

எல்லாம் தெரிந்த பிறகும் ஒருவர் மறுக்கலாம். முற்றிய நோயில், பக்கவிளைவுகளோடு போராடும் சில மாதங்களைவிட வீட்டில் அமைதியாக இருக்கவே விரும்புகிறேன் என்பது அறியாமை அல்ல. அப்போதும் வலியைக் குறைக்கும் பேலியேட்டிவ் பராமரிப்பு உண்டு. ஜொகூர் பாருவில் வீடு தேடி வந்து இலவசமாக இதைச் செய்யும் சங்கமும் இருக்கிறது. கீமோ வேண்டாம் என்றவர் வலியில் துடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நோயாளியையும் உள்ளே அழைத்துச் செல்லுங்கள். மலாயோ ஆங்கிலமோ புரியாவிட்டால் தமிழில் விளக்கக் கூடியவரைக் கேளுங்கள். சிகிச்சை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன, வேறு வழி என்ன என்ற மூன்று கேள்விகளையும் அவரே கேட்கட்டும். பதிலைக் கேட்ட பின் அவர் சொல்வதே அவருடைய முடிவு. அது எதுவானாலும் அவரைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.