பந்தைக் கைவிடாத வியூகம்

‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற கணினி விளையாட்டில் நாம் பந்தை உதைப்பதில்லை. பயிற்சியாளராக வியூகம் வகுக்கிறோம். பந்து நம் அணியிடமே இருக்க 4-3-3 அமைப்பு ஏற்றது. அதில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் அருகிலுள்ள இருவருடன் முக்கோணமாக நிற்பதால், பந்தைக் கொடுக்க எப்போதும் இரண்டு வழி இருக்கும். குறுகிய பாஸ், நிதான வேகம், பந்து பறிபோனால் உடனே நெருக்குதல் ஆகியவற்றைக் கட்டளையாகக் கொடுக்க வேண்டும்.

ஆனால் இது மட்டும் போதாது. 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் கொடுத்தும் ஸ்பெயின் பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்றது. லைன் கிளியர் கிடைத்தும் புறப்படாத வண்டியால் யாருக்குப் பயன்? எனவே எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி ஓட ஒருவரையாவது முன்வரிசையில் வையுங்கள். பேரப்பிள்ளைகளிடமும் சொல்லிப் பாருங்கள்.