பழகிய மொழியை விடாமை

கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுதற்கென வகுக்கப்பட்ட மொழிகள் பலவாம். 1957-இல் போர்ட்ரானும், 1959-இல் வகுக்கத் தொடங்கப்பெற்ற கோபோலும், 1972-ஐ ஒட்டிச் ‘சி’ என்னும் மொழியும், 1995-இல் ஜாவாவும் வெளிவந்தன. புதியன இன்றும் பிறந்துகொண்டே இருக்கின்றன. ஆயினும் நிரல் எழுதுவோருள் பெரும்பாலோர் தாம் பழகிய ஒன்றிரண்டு மொழிகளையே கையாளுகின்றனர். அவர்தம் மேலாளரும் அவற்றையே விரும்புகின்றனர். இது மடியின் விளைவோ, மதியின் விளைவோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இதனை விளங்கிக்கொள்ளுதற்குச் சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையத்து வயல் வரப்பில் சிறிது நேரம் நிற்போமாக. சம்பாப் பட்டத்தில் சி.ஆர். 1009 என்னும் நீண்டகால நெல்லை விதைத்துப் பழகிய உழவர் ஒருவரிடம், இதனினும் மிகுதியாக விளையும் புதுவிதை உளது என்று கூறின், அவர் முதலில் வினவுவது விளைச்சலின் அளவையன்று. ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் பயிர் நிற்குமா, வைக்கோல் மாட்டிற்கு ஆகுமா, நெல் விலைபோகுமா என்பனவே அவர்தம் வினாக்கள். பழைய விதையின் குற்றங்களை அவர் நன்கறிவார்; புதியதன் குணங்களையோ பிறர் சொல்லக் கேட்கின்றார். குற்றம் தெரிந்த பொருளும், குணம் மட்டும் சொல்லப்பட்ட பொருளும் எதிரெதிர் நிற்குமாயின், ஒரு போகத்தையும் இழக்க மாட்டாதவர் முன்னதையே கொள்வர். இதனை அறியாமை என்று இகழ்தல் தகாது.

நிரல் எழுதுவோர் நிலையும் இத்தகையதே. ஒரு புதுமொழியின் இலக்கணத்தைச் சில வாரங்களிற் கற்றுவிடலாம். ஆனால் அம்மொழி எவ்விடத்தில் இடறும், பிழை நேர்ந்தால் அதன் வேர் எங்கே ஒளிந்திருக்கும் என்பவற்றை அறியப் பல்லாண்டு வேண்டும். இலக்கண நூற்பாக்களை மனனம் செய்த மாத்திரத்தில் ஒருவன் புலவனாகிவிடான் என்பது தமிழ் பயிலும் நமக்குத் தெரியாததன்று. அன்றியும், முன்னோர் எழுதிவைத்த நிரல்கள் பெருஞ் செல்வமாகக் குவிந்து கிடக்கின்றன. மொழியை மாற்றின் அச்செல்வத்தை மீண்டும் புதிதாக ஈட்டல் வேண்டும்.

நிற்க, மேலாளர் அஞ்சுவது வேறு. பழகிய மொழியை அறிந்தோர் பலராதலின், ஒருவர் விலகினும் அவரிடத்தில் மற்றொருவரை அமர்த்தலாம். புதுமொழி வல்லார் அரியர். இனி, யாவரும் செல்லும் வழியிற் சென்று இடறினவனை எவரும் பழியார். தனிவழி சென்று இடறினவனையோ ஊர் முழுதும் பழிக்கும். இவ்வச்சம் வீணன்று. 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்து நாட்டு டி.எஸ்.பி. வங்கி தன் கணக்குகளைப் பழைய கணிப்பொறி அமைப்பினின்றும் புதியதொன்றிற்கு மாற்றிற்று. மாற்றப்பட்டது மொழி மட்டுமன்று, அமைப்பு முழுவதுமே எனினும், அது தரும் பாடம் நமக்கும் உரியதே. வாடிக்கையாளருள் ஏறத்தாழ 19 இலட்சம் பேர் தம் கணக்கைக் காண இயலாது தவித்தனர். 2022-இல் அவ்வங்கிக்கு 4.86 கோடிப் பவுனுக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது. அதன் தகவல் துறைத் தலைவராயிருந்தவர் மீதும் 2023-இல் தனியே தண்டம் விழுந்தது.

ஆயின் பழமையைப் பற்றிக்கொண்டிருத்தலே நன்றென்று முடிவு கட்டலாமோ? அதுவும் ஆகாது. 2020-இல் கொரோனாத் தொற்றினால் வேலையிழந்தோர் அமெரிக்காவிலே உதவித்தொகை வேண்டிப் பெருங்கூட்டமாக விண்ணப்பித்தபோது, நியூஜெர்சி மாநிலத்தின் பழைய கணிப்பொறிகள் திணறின. அவற்றைப் பேணக் கோபோல் அறிந்தோர் முன்வரல் வேண்டும் என்று ஆளுநரே வெளிப்படையாக வேண்டிக்கொண்டார். அறுபதாண்டு பழகிய மொழி, அறிந்தோர் அருகிய மொழியாயிற்று. காத்திருந்தோர் வேலையிழந்த ஏழை மக்கள் என்பதை நினைத்தல் வேண்டும். மாறுதலின் இழப்பு ஒருநாளில் வெளிப்படும். மாறாமையின் இழப்போ சிறிதுசிறிதாகச் சேர்ந்து, பெரும்பாலும் எளியவர் தலையிலேயே விழும்.

இவ்விரு தீங்கிற்கும் இடையே ஒரு நல்வழி உண்டு. அதனையும் வயலே கற்பிக்கின்றது. வெள்ளத்திற்கு ஆற்றாத சி.ஆர். 1009 நெல்லைக் கைவிடுமாறு அறிஞர் வற்புறுத்தவில்லை. நீரில் மூழ்கியும் சில நாள் உயிர்தாங்கும் பண்பை அந்நெல்லிலேயே சேர்த்து, சி.ஆர். 1009 சப்-1 என வழங்கினர். பழகிய பயிர், பழகிய பருவம், பழகிய அரிசி. புதியது ஒரு பண்பு மட்டுமே. அதுபோலவே ஆண்ட்ராய்டு என்னும் கைப்பேசி அமைப்பைப் பேணும் கூகுள் நிறுவனத்தார், பழைய ‘சி’ வகை நிரல்களை அழித்தெழுதாமல், இனி எழுதுவனவற்றை ரஸ்ட் முதலிய பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தலைப்பட்டனர். நினைவகப் பிழைகளால் நேரும் பாதுகாப்புக் குறைகள் 2019-இல் நூற்றுக்கு 76-ஆக இருந்தவை, 2024-இல் நூற்றுக்கு 24-ஆகக் குறைந்தன என்று அவர்களே அறிவித்தனர். மூலை வயலொன்றில் புதுவிதையை விதைத்துப் பார்க்கும் உழவரின் முறையும் இதுவே.

பிறரைப் பற்றி இத்துணையும் கூறிய யான் என்னையும் மறைத்தலாகாது. தமிழ்99 என்னும் விசைப்பலகை முறை 1999-இல் தமிழக அரசின் ஏற்புப் பெற்றது. உயிர் இடப்பக்கமும் மெய் வலப்பக்கமுமாக அமைந்த அம்முறை எளிதென்பதை ஒப்புகின்றேன். எனினும் தட்டச்சுத் தேர்வுக்கென்று பழைய முறையிலே பயின்ற என் விரல்கள் அதற்கு இணங்கவில்லை. இக்கட்டுரையும் பழைய முறையிலேயே அடிக்கப்பெற்றது. ஆதலின் நிரல் எழுதுவோரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஆயினும் நாடோறும் கால்மணி நேரம் புதுமுறையிலே பழகத் தொடங்கியுள்ளேன். என் மூலை வயல் இதுவே. நண்பர்களே, உங்கள் மூலை வயல் யாது?