நஞ்சோடு வாழும் மீன்

ஆற்றில் மீன் துள்ளக் கண்டால், அந்த ஆறு நலமாயிருக்கின்றது என்று கொள்வது நம் வழக்கம். நியூயோர்க் நகரை அணைந்து கடல்புகும் ஹட்சன் ஆற்றின் கதை இவ் வழக்கத்தை ஐயுறச் செய்கின்றது.

ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்குமிடமாகிய பொங்குமுகம் ஹட்சனிலே மிக நீண்டது. கடலின் வற்றுப்பெருக்கு 150 மைலுக்கு மேல் உள்ளே சென்று, ட்ரோய் நகரத்து அணையிலேதான் தடைப்படுகின்றது. இந்நீரின் அடித்தளத்தை அடுத்து வாழ்வது டொம்கொட் என்னும் சிறுமீன். கடுங்குளிர்க் காலத்திலே பனிக்கட்டியின் கீழ் முட்டையிடும் விந்தையான இயல்பினது.

அணைக்கு அப்பால், மேலாற்றங்கரையில், ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனியின் தொழிற்சாலைகள் இரண்டு இருந்தன. 1947 தொடங்கி ஏறத்தாழ 30 ஆண்டுக் காலத்தில், பொலிகுளோரினேற்ற பைபீனைல் எனப்படும் இரசாயனப் பொருள் 13 இலட்சம் இறாத்தல் வரையில் அவற்றிலிருந்து ஆற்றிற் கலந்ததாகக் கணித்துள்ளனர். இப்பொருள் நீரில் எளிதிற் கரைவதன்று, கொழுப்பிற் கரைவது. சேற்றிலே தங்கி, அங்கு வாழும் சிற்றுயிர்களின் வழியே மீனைச் சென்றடையும். டொம்கொட்டோ தன் கொழுப்பைப் பெரும்பாலும் ஈரலிலே சேர்த்துவைக்கும் மீன். நஞ்சும் அங்கேயே குடிகொண்டது. 1980ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் ஆய்ந்தபோது, இரண்டு வயது நிரம்பிய மீன்களுள் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவற்றின் ஈரலிற் கட்டிகள் காணப்பட்டன.

எனினும் அவ்வினம் அற்றுப்போகவில்லை. எவ்வாறு பிழைத்தது என்பதை 2011இல் ஐசாக் வேர்ஜின் முதலிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மீனின் உயிர்க்கலத்தினுள் இந்நஞ்சைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்றுண்டு. நஞ்சு அதனைப் பற்றிய பின்னரே கேடு தொடங்கும். முட்டையினுள் வளரும் கருவின் இதயமும் உருத்திரியும். ஹட்சன் மீன்களிலே அப்புரதத்துக்குரிய பரம்பரையலகில் ஆறு எழுத்துக்கள் குறைந்திருந்தன. அதனாற் புரதத்தில் இரண்டு அமினோ அமிலங்கள் இல்லை. இத்துணைச் சிறிய குறைபாட்டினால் நஞ்சின் பிடி தளர்ந்துவிட்டது. தூய நீர்நிலைகளில் இம்மாற்றம் மிக அரிது. ஹட்சனிலோ ஏறக்குறைய எல்லா மீனிலும் உண்டு. நூறாண்டுகூடச் செல்லாத காலத்தில் நிகழ்ந்த இயற்கைத் தேர்வு இது! உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எளிதிற் கிடைக்குமோ?

வியப்பு ஒருபுறமிருக்க, தப்பிப் பிழைத்த மீன் நஞ்சை ஒழித்துவிடவில்லை என்பதை மறத்தலாகாது. அதனைத் தன்னுடலிற் சுமந்துகொண்டே நீந்துகின்றது. மாண்டிருந்தால் அவ்வளவோடு முடிந்திருக்கும். வாழ்வதனாலேயே, தன்னை விழுங்கும் பெருமீனுக்கு அதனைக் கொண்டுசேர்க்கின்றது. அத்தகைய பெருமீன்களுள் ஒன்று, ஹட்சன் மீனவர் விரும்பிப் பிடித்த வரிப்பாஸ் மீன். அம்மீனின் உடலிலும் இந்நஞ்சு மிகுந்திருந்தமையால், அதனை அவ்வாற்றில் வாணிகத்துக்காகப் பிடிப்பது 1976இலேயே தடுக்கப்பட்டது; பல தலைமுறையாகக் கரையிலே வலைவீசி வாழ்ந்த குடும்பங்கள் தொழிலிழந்தன. மேலாற்றின் 40 மைல் தூரத்துச் சேற்றை அகழ்ந்தெடுக்கும் பணி 2009இல் தொடங்கி 2015 வரை நடைபெற்றது. அணைக்குக் கீழே, டொம்கொட் முட்டையிடும் பொங்குமுகத்துச் சேற்றை அப்பணி தொடவில்லை.